பஸ் நம்பர் தப்பு, பிசிக்ஸ் சரி: ஏஐக்கு இருப்பது என்ன மூளை?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. பாடத்தில் எந்தச் சந்தேகம் என்றாலும் போனில் ஏஐயிடம்தான் கேட்கிறான். சோதித்துப் பார்க்க, எங்கள் ஏரியாவிலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு நேர் பஸ் எது என்று கேட்டேன். நம்பர், நிறுத்தம் எல்லாம் சொன்னது. அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது என்று கண்டக்டர் சிரிக்கிறார். இது நம்மைப் போல யோசிக்கிறதா இல்லையா? பையனை இதோடு விடலாமா?
– செல்லூர் வாசகி, மதுரை

பதில்: "அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில்" என்று நான் நிறுத்தினால், "இறங்கினார்" என்று உங்கள் வாய் முடித்துவிடும். ஏஐ செய்வதும் இதுதான். இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்த துண்டைக் கணிக்கிறது. நம் மூளையும் ஓயாமல் கணிக்கிறது. "சூடான இட்லிக்குச் சட்னியும் செங்கலும்" என்றால் மனசு இடறுகிறதல்லவா? அந்த இடறல், சொல் கண்ணில் பட்டு சுமார் 400 மில்லி விநாடியில் மூளையின் மின் அலையில் தெரியும். மூளை ஆய்வாளர்கள் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் 1980இல் இதை வெளியிட்டார்கள். அதனால் "வெறும் ஊகம்தானே" என்று ஏஐயை ஒதுக்குபவர்கள் கட்சியில் நான் இல்லை.

ஆனால் நமக்குப் பேச்சு வேறு, யோசனை வேறு. பக்கவாதத்தில் பேச்சை அடியோடு இழந்தவர்களில் சிலர் கணக்குப் போடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள். ஏஐ வந்த வழி தலைகீழ்: முதலில் பேச்சு, அதுவும் மலைபோல. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற ஏஐக்குப் புகட்டியது ஏறத்தாழ 30,000 கோடி சொல்துண்டுகள். உங்கள் மகன் பிறந்ததிலிருந்து கேட்டது சில கோடிச் சொற்கள் இருக்கும். அவற்றோடு பசி, விழுந்த அடி, பிடித்த பந்து எல்லாம் சேர்ந்து வந்தன.

எழுத்தில் ஆயிரம் முறை வந்த விஷயத்தில் ஏஐயின் கணிப்பு பெரும்பாலும் உண்மையோடு ஒத்துப்போகும். செல்லூர் டவுன் பஸ் பற்றி யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? விவரம் இல்லாத இடத்தில் பஸ் நம்பர் மாதிரி ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டது. (நம் ஊரிலும் வழி தெரியாமலே கையை நீட்டிக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் முழிப்பதிலேயே நமக்குப் பிடிபட்டுவிடும். இதற்கு முழி கிடையாது, அதே சரளம்.)

இனி மகன் விஷயம். இன்று ராத்திரி போனை வாங்கி வைத்துவிட்டு ஒன்று கேளுங்கள்: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) எவ்வளவு? பையன்கள் பலர் "சைபர்" என்பார்கள். சரியான விடை 9.8 மீ/வி², கீழ்நோக்கி. பந்தையே தொடாத ஏஐ சட்டென்று சரியாகச் சொல்லும், ஏனென்றால் இந்தக் கேள்வி புத்தகங்களில் அத்தனை முறை வந்திருக்கிறது. தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் தப்பாகச் சொல்வான். அந்தத் தப்புதான் உங்களுக்கு வேண்டியது. திட்டாமல் "முடுக்கமும் சைபர் என்றால் பந்து அங்கேயே தொங்கணுமே, ஏன் கீழே வருது?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் முழிக்கட்டும், தாளில் கிறுக்கட்டும். அவனாக ஒரு விளக்கம் சொன்ன பிறகு போனைக் கொடுத்து, அந்த விளக்கத்தில் எங்கே ஓட்டை என்று ஏஐயிடம் கேட்கச் சொல்லுங்கள். விடையைக் கேட்பதை விட இது பத்து மடங்கு உருப்படியான உபயோகம்.

பஸ்ஸுக்கு, பெரியார் நிலையத்தில் டைம் கீப்பரைக் கேளுங்கள்.