எண்ணிக்கையில் தெரியாத வளம்

கேள்வி: கிராமத்து வீட்டுத் தோட்டங்களைவிட நகரத்துத் தோட்டங்களில் செடி வகைகள் குறைவு என்கிறார்களே, அது சரிதானா?

பதில்: இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், எப்போதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆய்வாளர்கள் 61 வீட்டுத் தோட்டங்களைக் கணக்கெடுத்தபோது 1,166 தாவர இனங்கள் பதிவாயின. ஆனால் அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே அந்த மண்ணுக்கு உரியவை. நகரங்களில் அழகுக்காக வெளியிலிருந்து வரவழைத்த செடிகளே பெரும்பாலும் மிகுதி.

கிராமத்துத் தோட்டத்தின் வளம் வேறு விதமானது. உயர்ந்த மரம், அதன் நிழலில் குறுமரம், புதர், கொடி, மண்ணுக்குள் கிழங்கு என அடுக்கடுக்காக அமையும் அந்தச் சிறு இடத்தில் உணவுக்கும் மருந்துக்கும் பயன்படும் செடிகளே முதன்மை பெறுகின்றன. அதோடு, ஆண்டுதோறும் வீட்டிலேயே விதையெடுத்து விதைக்கப்படும் உள்ளூர் ரகங்கள், வணிகச் சாகுபடியிலிருந்து மறைந்த பின்னும் அங்கே உயிர்வாழ்கின்றன. ஒரே கத்தரியில் ஐந்து ரகங்கள் இருந்தாலும், இனங்களை எண்ணும் கணக்கில் அது ஒன்றுதான். எனக்குக் கவலை தருவது இதுவே.

நகரத்தில் இடம் சிறிதென்றால், மாடித் தொட்டியிலேயே கலப்பினமல்லாத நாட்டு விதையை வளர்த்து, முற்றிய காயிலிருந்து விதையெடுத்து அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள். புதிதாகப் பத்து அலங்காரச் செடிகள் வாங்குவதைவிட அது மேலானது என்றே கருதுகிறேன்.