ஆட்டத்தோடு சட்டமும் படிக்க முடியுமா?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் மகன் பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான், இது மூன்றாம் ஆண்டு. என்.எஃப்.எல். (தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஒன்றில் இடம் கிடைக்கும் என்று நம்புகிறான். வழக்கறிஞராக வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஆட்டம் முடிந்த பிறகு சட்டம் படிப்பது நல்லதா, ஆடும்போதே தொடங்கலாமா?"

ஆடும்போதே தொடங்கலாம். ஆனால் அது கைகூடுவது உங்கள் மகனின் உழைப்பை மட்டும் பொறுத்ததல்ல. அணி இருக்கும் ஊர், சட்டக் கல்லூரி இருக்கும் ஊர், இரண்டின் நாட்காட்டி ஆகியவற்றையும் பொறுத்தது. இதை விளக்க, என்.எஃப்.எல். ஆட்டக்காரராக இருந்து நீதிபதியான ஆலன் பேஜின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1945-ல் பிறந்த பேஜை, 1967-ல், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மினசோட்டா வைக்கிங்ஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. தடுப்பு வரிசையில் ஆடிய அவர், 1971-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஆட வந்த தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர்ந்து, முழு நேர ஆட்டக்காரராக இருந்துகொண்டே 1978-ல் ஜே.டி. எனும் சட்டப் பட்டம் பெற்றார். முதல் முயற்சி கைவிடப்பட்டதை உங்கள் மகன் கவனிக்க வேண்டும். அணியில் முதல் ஆட்டப் பருவமும் சட்டப் படிப்பின் முதல் ஆண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று உடையும்.

இரண்டாம் முறை பேஜுக்கு உதவிய ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. வைக்கிங்ஸ் அணி அப்போது ஆடிய மைதானம் ப்ளூமிங்டனில் இருந்தது. பல்கலைக்கழகம் பக்கத்திலேயே மினியாபொலிஸில் இருந்தது. பயிற்சி முடித்து வகுப்புக்குப் போக ஊர் மாற வேண்டியதில்லை. இன்னொரு என்.எஃப்.எல். ஆட்டக்காரரான ஸ்டீவ் யங்கின் நிலைமை வேறு. அவர் ஆடியது சான் ஃபிரான்சிஸ்கோவில், சட்டம் படித்தது யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில். ஆட்டம் இல்லாத மாதங்களில் மட்டும் வகுப்புக்குப் போய், 1994-ல் பட்டம் பெற்றார்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில், ஜே.டி. படிப்பைத் தொடங்கிய நாளிலிருந்து பொதுவாக 84 மாதங்களுக்குள், அதாவது 7 ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். முழு நேரமாகப் படித்தால் 3 ஆண்டுகள். ஆண்டுக்கு ஒரு பருவம் என்று மட்டும் படித்தால் 6 ஆண்டுகள் ஆகிவிடும். காயம், அணி மாற்றம் என்று ஒரு ஆண்டு தவறினாலும் கெடு நெருங்கிவிடும். அதோடு ஒப்பந்தச் சட்டம், உரிமையியல் நடைமுறை போன்ற முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலான கல்லூரிகளில் இலையுதிர் பருவத்தில்தான் தொடங்குகின்றன, என்.எஃப்.எல். போட்டிகள் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை நீள்கின்றன. எனவே முதலாண்டை வசந்த பருவத்தில் தொடங்கவும், இடையில் விடுப்பு எடுக்கவும் கல்லூரி ஒப்புக்கொள்ளுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இப்போதே செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது மதிப்பெண். சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்பு, முதல் இளநிலைப் பட்டம் பெறும் வரை வாங்கிய மதிப்பெண்களைத்தான் சராசரிக் கணக்கில் சேர்க்கும். பட்டம் பெற்ற பிறகு எத்தனை பாடங்கள் படித்தாலும் அந்த எண் உயராது. உங்கள் மகனுக்கு மிஞ்சியிருப்பது இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும்தான். இளநிலையில் எந்தத் துறை என்பது தடையில்லை; பேஜ் படித்தது அரசியல் அறிவியல். எல்சாட் எனும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பல்கலைக்கழக அணியின் கடைசி ஆட்டப் பருவத்துக்கு முந்தைய கோடையிலேயே எழுதிவிடுவது நல்லது. அந்த மதிப்பெண் சுமார் 5 ஆண்டுகள் செல்லுபடியாகும். ஏப்ரலில் என்.எஃப்.எல். அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஏதாவது அணி அவனை எடுத்துக்கொண்டால், கிடைத்த இடத்தை ஓராண்டு தள்ளிவைக்கக் கல்லூரியிடம் கோரலாம். எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த இலையுதிர் பருவத்திலேயே வகுப்புக்குப் போகலாம்.

பட்டம் வாங்கினால் மட்டும் இரண்டாம் தொழில் அமைந்துவிடாது. யங் வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை. பேஜ் 1979-லேயே மினியாபொலிஸில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்து, ஆட்டம் இல்லாத மாதங்களில் அங்கே வேலை செய்தார். உடல் எடை குறைந்துவிட்டது என்ற காரணத்தால் வைக்கிங்ஸ் 1978-ல் விடுவித்திருந்த அவரை சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. 1981 வரை அங்கே ஆடினார். ஓய்வு பெற்றபோது கையில் தொழில் அனுபவமும் இருந்தது. பிறகு மினசோட்டா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றினார். அந்த மாநிலத்தில் நீதிபதிகளை மக்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போட்டியிட முனைந்தபோது, பதவியில் இருந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் தேர்தலே நடக்காது என்ற நிலை வந்தது. வழக்குத் தொடுத்து வென்று, தேர்தலை நடக்கவைத்து, அதில் ஜெயித்து, அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். 70 வயதுக் கட்டாய ஓய்வு வரை, 2015-ல், அங்கே இருந்தார். புகழ் இதற்கு உதவவில்லை என்று சொல்ல மாட்டேன்; ஆனால் தன் வழக்கைத் தானே புரிந்து நடத்தும் பயிற்சி இல்லாதவர் அந்த நீட்டிப்பை எதிர்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பேஜ் ஆடிய காலத்தில் ஆட்டக்காரர் சங்கத்தில் தம் அணியின் பிரதிநிதியாகவும் இருந்தார். உங்கள் மகனும் பல்கலைக்கழகத்தில் மாணவ விளையாட்டு வீரர்களுக்கான ஆலோசனைக் குழு இருந்தால் அதில் சேரட்டும். விதிகளைப் படிப்பதும் பிறருக்காக வாதாடுவதும் தனக்குப் பிடிக்கிறதா என்பது விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும்.