சென்னையிலிருந்து குமரி வரை சைக்கிளில்: சர்க்கரை உள்ளவர் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. வங்கியில் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் எடுக்கிறேன். பிரஷருக்கு டெல்மிசார்டான் 40. மாதம் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய் வருவேன். வரும் ஜனவரியில் நண்பர்கள் நான்கு பேரோடு கன்னியாகுமரி வரை 5 நாளில் போவதாகத் திட்டம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளின் போக்குவரத்துச் செலவுக்காகப் பணம் திரட்டுகிறோம். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. நீண்ட தூரம் ஓட்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. உட்காரும் இடமும் அப்படித்தான். தினமும் காலையில் ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டால் எந்த வலியும் தெரியாது என்கிறார் நண்பர். வீட்டில் போகவே வேண்டாம் என்கிறார்கள். போகலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்)

பதில்: போகலாம். ஆனால் 5 நாளில் வேண்டாம். அந்த மாத்திரையோடு வேண்டவே வேண்டாம்.

மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். மணிக்கணக்கில் வியர்த்து ஓட்டுபவருக்கு அந்த ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். டெல்மிசார்டான் நல்ல மருந்துதான், ஆனால் அதுவும் சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் சட்டென்று ஏறிவிடலாம். அதையே நாள் தவறாமல் செய்வது, அதுவும் சர்க்கரை உள்ளவர் செய்வது, பெரிய விஷப்பரீட்சை. டயாலிசிஸ் நோயாளிகளுக்காகக் கிளம்புகிறவர் அந்த வரிசையில் போய் நிற்பதற்கான வழியைத் தேடக் கூடாது, அவ்வளவுதான். எப்போதாவது வலி தாங்கவில்லை என்றால் ஒரு பாராசிட்டமால் போடுங்கள். தினமும் மாத்திரை கேட்கிற வலி என்றால் சைக்கிள் உங்கள் அளவுக்குச் சரியாக அமையவில்லை, அல்லது தூரம் அதிகம்.

அடுத்து நாள் கணக்கு. தாம்பரத்திலிருந்து குமரி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 5 நாள் என்றால் தினம் 140. நீங்கள் இதுவரை ஒரே நாளில் ஓட்டியது போக வர 90 இருக்கலாம், மறுநாள் ஆபீஸ் நாற்காலியில் ஓய்வு. முதல் நாள் 140 ஓட்டுவது உங்களால் முடியும். இரண்டாம் நாள் காலையில் அதே சீட்டில் மறுபடி உட்காருவதுதான் கஷ்டம். 8 நாளாக்கிவிடுங்கள். தினம் 90 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று தங்கித் தங்கிப் போகலாம். விடியும் வேளையில் கிளம்பினால் பதினோரு மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். இருட்டிய பிறகு நான்குவழிச் சாலையில் ஓட்டவே வேண்டாம். இதில் நான் சமரசம் செய்வதில்லை. ஜனவரியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. வெயில் குறைவு, வடகிழக்குக் காற்றும் ஓரளவு முதுகுப் பக்கம் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் மாட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பயிற்சிக்கு மூன்று மாதமாவது வேண்டும். வார நீள ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதைவிட முக்கியம், சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பது. கடைசி வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், கண் விழித்திரைப் பரிசோதனை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல் வரும். அதனால்தான் 'எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லையே' என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. வழக்கமாக ஏறும் பாலத்தில் இப்போது காரணமில்லாமல் மூச்சு வாங்குகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி சர்க்கரை. உங்கள் விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் கவலைப்படுகிறேன். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து மிகக் குறைவு. கிளிமிப்ரைடு அப்படி அல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் தொடைத் தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். பயண நாட்களில் கிளிமிப்ரைடு அளவைக் குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பயிற்சியின்போதே அதை முயன்று பார்க்க வேண்டும். நீங்களாக மாற்றாதீர்கள். வாந்தி பேதி வந்தால் அன்று ஓட்டம் ரத்து. மெட்ஃபார்மின், டெல்மிசார்டான் இரண்டையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம், மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

குளுக்கோமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் காயும் சீட் பையில் வேண்டாம். சூட்டில் ஸ்டிரிப் கெட்டுவிடும். கிளம்பும் முன் பாருங்கள். 100க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று உங்களோடு வரும் துணை வேனில் வாருங்கள். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். இதில் பலர் கோட்டைவிடும் ஒரு இடம் உண்டு. டீக்கடை ஓரம் வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுவிட்டு அதே விரலில் குத்துவார்கள். தோலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு சொட்டு ரத்தத்தோடு கலந்து மீட்டரில் 180 என்று காட்டும். உள்ளே உண்மையில் 75 இருக்கலாம். விரலைத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். சானிடைசர் போதாது.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, சிடுசிடுப்பு, கியர் மாற்றத் தெரியாமல் தடுமாறுவது, இதெல்லாம் சர்க்கரை குறைவதன் அறிகுறி. நிறுத்துங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சரியானதும் உடனே ஏறாதீர்கள், ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். கோவில்பட்டி வழியாகத்தான் போகிறீர்கள், கடலை மிட்டாய் நிச்சயம் வாங்குவீர்கள். ஓட்டும்போது கொறிக்க அது அருமை. சர்க்கரை தாழ்ந்த நேரத்துக்கு மட்டும் உதவாது, கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒரு நண்பரிடமாவது இதையெல்லாம் சொல்லி வையுங்கள். நீங்கள் குழம்பிப் பேசினால் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடப் போகிறார்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான்.

விரல் மரத்துப்போவதற்கு வருகிறேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுண்டு விரல் பக்கம் உள்ளங்கை மேட்டில் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு எலும்பு தட்டுப்படும். அதை ஒட்டித்தான் அந்த இரண்டு விரல்களுக்கும் போகும் நரம்பு ஓடுகிறது. ஹேண்டில்பாரில் உடம்பின் பாரத்தைக் கொடுத்து மணிக்கணக்கில் ஓட்டும்போது நசுங்குவது அதுதான். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் செய்து ஒப்பிடுங்கள். ஒரு கையில் காகிதம் சுலபமாக நழுவினால் உணர்ச்சி மட்டுமல்ல, தசை பலமும் குறைகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் சரியாகும்வரை நீண்ட ஓட்டம் கூடாது, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், மெத்தை வைத்த கையுறை போடுங்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். சர்க்கரையாலும் விரல் மரத்துப்போகலாம், ஆனால் அது பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும்.

உட்காரும் இடம் மரத்துப்போவதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள், சமமாக்குங்கள். நடுவில் பள்ளம் விட்ட சீட் உதவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ஓட்டுங்கள். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உரசித்தான் புண் வருகிறது. தினமும் துவைத்ததையே போடுங்கள். உங்களுக்குச் சின்னப் பரு கூடச் சீக்கிரம் சீழ் பிடிக்கும். இரவில் உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பயந்து அளவுக்கு மீறிக் குடிக்க வேண்டாம். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் பொதுவாகப் போதும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புப் போட்ட மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போகும் சோடியத்தை அது ஈடுகட்டாது. டெல்மிசார்டான் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால் நாளுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பணம் வாங்கியாகிவிட்டது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நெஞ்சு இறுக்கினாலும் தலை சுற்றினாலும் 'இன்னும் 20 கிலோமீட்டர்தானே' என்று தோன்றுவது இதனால்தான். பொழுதுபோக்காகப் போகிறவன் நிறுத்திவிடுவான், நல்ல காரியத்துக்குப் போகிறவன் நிறுத்த மாட்டான். எனவே கிளம்பும் முன்பே பணம் கொடுத்தவர்களிடம் சொல்லிவிடுங்கள்: எங்கே நிறுத்தினாலும் பணம் முழுதும் நோயாளிகளுக்குப் போய்விடும் என்று. அப்புறம், உங்கள் ஐந்து பேரில் ஒருவரும் இல்லாமல், வேன் ஓட்டி வருபவரிடம் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுங்கள். அவர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், வாதாடக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு அவருடைய போன் நம்பரையும் கொடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

குமரியில் இறங்கியதும் எல்லாம் முடிந்ததாக நினைக்காதீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நாள் வரை, குறிப்பாக இரவில், சர்க்கரை தாழலாம். ரயிலில் திரும்புவதாக இருந்தால் தூங்கும் முன் ஒருமுறை பாருங்கள். குளுக்கோஸ் பாக்கெட்டைப் பெட்டியில் பூட்டாமல் தலைமாட்டில் வையுங்கள்.