அந்த ஆடியோவுக்கு அடியில் யார் பெயர்?

கேள்வி: ஏஐ இப்போது கட்டுரை எழுதுகிறது, படம் வரைகிறது, செத்தவர் குரலில்கூடப் பேசுகிறது. செய்தியெல்லாம் போனிலேயே இலவசமாக வருகிறது. அப்புறம் பத்திரிகை எதற்கு? வேலை போய்விடும் என்ற பயத்தில்தானே உங்களைப் போன்றவர்கள் தொழில்நுட்பத்தைத் திட்டுகிறீர்கள்? (பி.கு.: நாளை பள்ளிகளுக்கு விடுமுறை என்று எங்கள் கலெக்டர் பேசும் ஆடியோ ஒன்று சுற்றுகிறது, அனுப்பியிருக்கிறேன். நிஜமா?)

- பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: முதலில் ஆடியோ. பொய். கலெக்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டோம், அப்படி எந்த அறிவிப்பும் இல்லை என்றார்கள். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மழையே விட்டிருக்கும் என்பது வேறு விஷயம், வாரப் பத்திரிகைக்கு அந்தக் குறை எப்போதும் உண்டு. ஆனால் பத்திரிகை எதற்கு என்று கேட்ட கையோடு, அதே கடிதத்தின் அடியில் இது நிஜமா என்று எங்களிடமே கேட்டிருக்கிறீர்களே, கவனித்தீர்களா?

சரி, கேள்விக்கு வருகிறேன். இயந்திரம் எழுதுவதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. சுமாராக எழுதுவதற்கு இயந்திரம் வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை, எங்கள் தொழிலில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறோம். என் கவலை வேறு. இந்த இதழின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், அச்சக முகவரி என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. 1867இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் வந்த பழக்கம் அது. தன்னைத் திட்டுவது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் போட்டான், நம் மேல் பாசத்தில் இல்லை. ஆனாலும் அந்த வரியால் ஒரு நன்மை வந்து சேர்ந்தது: நான் பொய் எழுதினால் நீங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி இருக்கிறது.

தேர்தல் சமயத்தில் தெருவில் கொடுக்கிற நோட்டீஸை எடுத்துப் பாருங்கள், அதன் அடியிலும் அச்சகத்தின் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. பெயரில்லாமல் அடித்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஆயிரம் நோட்டீஸ் அடிக்கிற சின்ன அச்சகக்காரருக்கு இந்தக் கட்டுப்பாடு. ஊர் ஊராகப் பரவுகிற உங்கள் கலெக்டர் ஆடியோவின் தலையில் பலமுறை ஃபார்வர்டு ஆனது என்பதற்கு அடையாளமாக இரண்டு அம்புக்குறி மட்டும்தான் இருக்கிறது. எய்தவன் யார் என்று கேட்டால், எனக்கு மச்சான் அனுப்பினான், அவனுக்கு ஆபீஸ் குரூப்பில் வந்தது என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு ஏஐகூடத் தேவையில்லை. 2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. எங்கோ எப்போதோ நடந்த வேறு சண்டைகளின் வீடியோவை எடுத்து, மேலே தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். திருப்பூரில் கம்பெனி கம்பெனியாக ஆட்கள் பயந்துபோனார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது, நம் போலீஸ் இந்தியில் பேசி ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பெரிய இந்தி நாளிதழும் அதை நம்பி வெளியிட்டது. எங்கள் சாதி யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாளிதழ் ஆசிரியர் மேல் வழக்குப் போட முடிந்தது, ஏனென்றால் வழக்குப் போட அங்கே ஒரு ஆசிரியர் இருந்தார். முதன்முதலில் தலைப்பை மாற்றி ஒட்டினவனை அப்படி லேசில் பிடித்துவிட முடியுமா?

செத்தவர் குரல் என்று எழுதியிருந்தீர்கள். 2024இல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ வைத்துப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். பிடிக்கிறதோ இல்லையோ, கேட்க ஒரு ஆள் இருக்கிறார். அதே வருடம் கலைஞர் திரையில் தோன்றிப் பேசினார், ஜெயலலிதா பிறந்தநாளில் அவர் குரலில் ஒரு பேச்சு வெளிவந்தது. இரண்டையும் கட்சிக்காரர்களே வெளிப்படையாகச் செய்தார்கள், அதனால் கொஞ்சம் நெளிந்துவிட்டு விட்டுவிட்டேன். நாளைக்கு வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு, யார் செய்தது என்றே தெரியாமல், அதே குரல் வேறு எதையாவது பேசினால்? காலை ஏழு மணிக்கு பூத் திறந்துவிடும். மறுப்பு எழுந்து பல் விளக்கி வருவதற்குள் பாதிப் பேர் ஓட்டுப் போட்டு முடித்திருப்பார்கள்.

இதையெல்லாம் சொன்னதால் என்னைத் தொழில்நுட்பத்தின் எதிரி ஆக்கிவிடாதீர்கள். பார்வையற்ற வாசகர்கள் இந்த இதழைப் போனில் வாசிக்கக் கேட்கிறார்கள், யாரையும் எதிர்பார்க்காமல். எந்தப் போனிலும் தமிழ் எழுத்தை ஒரே மாதிரி அடையாளம் காண வைக்கிற யூனிகோடு முறை இல்லாமல், அதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இல்லாமல் அது நடந்திருக்குமா? 1941இல் ஆரம்பித்த கல்கி 2020இல் அச்சை நிறுத்தியபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது, ஆனால் பெயர் சாகாமல் இணையத்தில் நிற்கிறதே, அது இதே தொழில்நுட்பத்தால்தான். கம்ப்யூட்டர் வந்தபோது ஈய எழுத்துக் கோர்த்த கம்பாசிட்டர்கள் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் மறக்கவில்லை. அந்தக் கணக்கை யாரும் சரியாகத் தீர்க்கவில்லை.

வேலை போய்விடுமா என்றுதானே கேட்டீர்கள்? எங்கள் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து ஏஐயிடம் கொடுத்து எழுத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பக்கம் வந்தால் போதும், தும்பிக்கை வைத்த அந்தப் பழைய லை, ணை, னை எல்லாவற்றிலும் தடுமாறுகிறது. தடுமாறினால் தெரியவில்லை என்று சொல்லித் தொலைக்கலாம், சொல்லாது; வாய்க்கு வந்த ஒரு சொல்லை அழகாகப் போட்டு நிரப்பிவிடும். அதனால் ஓய்வு பெற்றுப்போன ப்ரூஃப் ரீடர் ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறோம். முன்பு வாங்கியதைவிடக் கூடுதலாகக் கேட்டார், கொடுத்துவிட்டோம்.