40-ஆ, 96-ஆ?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கணக்கு வந்தது. 1 + 4 = 5, 2 + 5 = 12, 3 + 6 = 21 என்றால் 8 + 11 = எவ்வளவு? நான் 96 என்றேன். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மைத்துனர் 40 என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எது சரி? இப்படிச் சுவையான புதிர்கள் ஊரெல்லாம் உலவும்போது, உங்கள் புதிர்ப் பக்கத்தில் மட்டும் பாட்டி காலத்து விடுகதைகள் ஏன்? அவற்றுக்கும் விடையை அடுத்த இதழ் வரை இழுத்தடிப்பானேன்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: 19.

உங்கள் ஊர்த் தக்காளி மண்டியிலேயே விசாரித்துப் பாருங்கள். 8 பெட்டியும் 11 பெட்டியும் இறக்கிவிட்டு 96 பெட்டிக்குப் பணம் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கணக்கில் முதல் வரி மட்டும் உண்மை. இரண்டாவது வரியிலிருந்து பொய். பொய்யைச் சமக்குறி போட்டு எழுதிவிட்டு, ‘90 சதவீதம் பேர் இதில் தோற்றுவிடுவார்கள்’ என்று கீழே ஒரு மிரட்டல் வேறு. (அந்த 90 சதவீதத்தை எண்ணியது யார் என்று எந்தக் குழுவிலும் யாரும் கேட்பதில்லை.)

சரி, விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வழி, இரண்டு எண்களையும் பெருக்கி அதோடு முதல் எண்ணைக் கூட்டுவது: 8 × 11 = 88, அதோடு 8, ஆக 96. மைத்துனர் வழி, மேல் வரியின் விடையையும் சேர்த்துக் கூட்டுவது: 5 + 2 + 5 = 12, 12 + 3 + 6 = 21, 21 + 8 + 11 = 40. இரண்டிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 3 + 6-க்கும் 8 + 11-க்கும் நடுவே நான்கு வரிகள் காணாமல் போயிருக்கின்றன. 4 + 7, 5 + 8, 6 + 9, 7 + 10 என்று அவற்றை எழுதிக்கொண்டு, மைத்துனர் வழியிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்: 32, 45, 60, 77. அடுத்த வரி 8 + 11. விடை 96! உடனே மீசையை முறுக்க வேண்டாம். நடுவில் வரிகள் உண்டு என்று புதிர் போட்டவர் எங்கும் சொல்லவில்லை. அவர் சொல்லாதவரை 40-ஐ அசைக்க முடியாது.

‘அடுத்த எண் என்ன?’ வகைப் புதிர்கள் பெரும்பாலும் இந்த லட்சணம்தான். 1, 2, 4, 8, 16... அடுத்தது 32 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஒரு வட்டம் வரைந்து, அதன் கோட்டின்மேல் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி என்றால் வட்டம் ஒரே துண்டு. இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16 துண்டுகள். ஆறாவது புள்ளியை வைத்து, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி இழுத்தால் 31 வரும். எத்தனை முறை எண்ணினாலும் 32 வராது.

எண்ணில் சுவை வேண்டுமானால் கப்ரேகரிடம் போங்கள். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1949-ல் இதைக் கண்டார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள். வந்த விடையையும் (மூன்று இலக்கமாக வந்தால் முன்னால் ஒரு 0 சேர்த்து) அப்படியே செய்யுங்கள். நீங்கள் தர்மபுரி மாவட்டம் உருவான 1965-ஐ வைத்துக்கொள்ளுங்கள்: 9651 − 1569 = 8082, 8820 − 0288 = 8532, 8532 − 2358 = 6174. மைத்துனருக்குக் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004: 4200 − 0024 = 4176, 7641 − 1467 = 6174. வேறு எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் 6174-க்கு வந்து அங்கேயே நின்றுவிடும். இங்கே விதி முழுவதும் முதலிலேயே உங்கள் கையில் இருக்கிறது. எதையும் ஒளித்துவைக்காமலே வியக்க வைக்கிறது பாருங்கள், அதற்குப் பெயர் புதிர்.

விடுகதை பாட்டி காலத்தது என்கிறீர்கள். இல்லை, பாட்டிக்கும் மிக மூத்தது. பிசி என்ற பெயரில் தொல்காப்பியமே அதற்கு இலக்கணம் சொல்கிறது. ‘அடி மலர்ந்து நுனி மலராத பூ எது?’ இதற்கு உங்கள் தோட்டத்து வாழையைப் போய்ப் பாருங்கள். தாரின் முனையில் தொங்கும் பூவில் அடிப்பக்கத்து மடல்கள் ஒவ்வொன்றாக விரிந்து உதிர்ந்துகொண்டிருக்கும். நுனி மட்டும் இறுக மூடியே இருக்கும். அடி, நுனி, மலர்தல் என ஒவ்வொரு சொல்லும் பொருந்துகிறது. வேறு பூவைச் சொல்லி வாதாட இடமே இல்லை. எங்களுக்கு வரும் புதுப் புதிர்களோ, ‘பச்சையாக இருக்கும், பழுத்தால் மஞ்சளாகும், அது என்ன?’ என்ற ரகம். மாம்பழமாம்! எழுதியவர் மாம்பழ மாவட்டத்துக்காரர் என்பதால் நாங்களே ஊகித்துக்கொள்ள வேண்டுமாம். எலுமிச்சையும் வாழையும் பப்பாளியும் எங்கே போகும்? 40-க்கும் 96-க்கும் வந்த அதே வியாதி. அப்படிப்பட்டவற்றை அச்சேற்றுவதாக இல்லை.

விடை விஷயத்துக்கு வருகிறேன். அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டால், கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் இதழைத் திருப்பிவிடுகிறீர்கள். வேண்டுமானால் உங்களுக்காக ஒன்றுக்கு மட்டும் உடனே விடை தருகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. பழம் பறித்துக்கொண்டு வெளியே வர மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும், கையில் இருப்பதில் பாதியும் அதற்கு மேல் ஒரு பழமும் காவலருக்குக் கொடுக்க வேண்டும். மூன்றையும் கடந்தபின் மிஞ்சியது ஒரே ஒரு பழம். பறித்தது எத்தனை? கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மிஞ்சியதோடு ஒன்றைக் கூட்டி இரட்டிப்பாக்கினால் முந்தைய கணக்கு: 1, 4, 10, 22. பறித்தது 22. சந்தேகமானால் 22 மாம்பழத்தோடு முதல் வாசலிலிருந்து நடந்து பாருங்கள்.

இதையே 1202-ல் இத்தாலியின் ஃபிபோனாச்சி ஆப்பிளையும் ஏழு வாசலையும் வைத்துப் போட்டிருக்கிறார். அந்த ஏழு வாசலுக்கு விடை அடுத்த இதழில்தான்.