பெயர் தெரிந்தபின் எழுதப்படும் விதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பீட்வே பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்த பிறகுதான் அந்தப் பந்தயங்களைப் பார்க்கத் தொடங்கினேன். மண் ஓடுதளத்தில், பிரேக் இல்லாத 500 சிசி மோட்டார் சைக்கிள்களில் நால்வர் நான்கு சுற்று ஓடி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடித்துவிடும் எளிமைதான் என்னை ஈர்த்தது. ஆனால் அந்த வண்டியில் ஏறுபவர் யார் என்ற கேள்விக்கு வந்தால் அந்த எளிமை இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. பிரிட்டன் லீகில் சென்ற வாரம் எதிரணியில் இருந்தவர் இந்த வாரம் நம் அணியில் விருந்தினராக வந்து நிற்கிறார். பட்டம் வென்ற அணி, தன் வீரர்களின் புள்ளிச் சராசரிகளைக் கூட்டினால் உச்சவரம்பைத் தாண்டிவிட்டது என்பதற்காக அடுத்த பருவத்தில் தன் வீரரை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வரம்பை நிர்ணயிப்பவர்களோ அணிகளை நடத்தும் புரமோட்டர்களே. உலக கிராண்ட் பிரீ தொடரில், தகுதிச்சுற்றில் வெல்லாதவருக்கும் நியமன இடம் கிடைக்கிறது. 2021இன் உலக சாம்பியனான ரஷ்யர் ஆர்ட்யோம் லாகுதாவுக்குப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பே தரப்படவில்லை. ஆனால் பிறகு அவரே போலந்து லீகில் ஓட்டினார். 1936இலேயே, தான் ஓடிய எல்லாப் பந்தயங்களிலும் முதலாவதாக வந்த ப்ளூயி வில்கின்சனிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்த விளையாட்டு இது என்று என் நண்பர் சிரிக்கிறார். நுழைவுச்சீட்டு வாங்குபவர்கள் ரசிகர்கள்தானே? யார் ஓடலாம் என்ற விதிகளை வாக்களித்துத் தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடமே கொடுத்துவிட்டால் என்ன?

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

உங்கள் எரிச்சலில் பெரும்பகுதி எனக்கும் உண்டு. நீங்கள் சொல்லும் தீர்வில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணத்தைச் சொல்வதற்கு உங்கள் நண்பரின் வில்கின்சனிலிருந்து தொடங்குவதே நல்லது.

வெம்ப்ளியில் நடந்த அந்த முதல் உலக இறுதிப்போட்டியில் வில்கின்சன் ஐந்து பந்தயங்களையும் வென்று, எடுக்கக்கூடிய 15 புள்ளிகளையும் எடுத்தார் என்பது உண்மை. ஆனால் தகுதிச்சுற்றுகளில் ஈட்டிய போனஸ் புள்ளிகளையும் இறுதிப்போட்டியின் கணக்கோடு சேர்ப்பது என்று முன்பே விதி வகுத்திருந்தார்கள். அவர் கொண்டுவந்தவை 10 என்பதால் மொத்தம் 25 ஆனது. லயனல் வான் பிராக், எரிக் லாங்டன் இருவரும் 26 புள்ளிகளில் சமநிலையில் நின்றார்கள். அவ்விருவருக்கும் இடையே தனியாக நடத்தப்பட்ட பந்தயத்தில் வான் பிராக் வென்று முதல் உலக சாம்பியன் ஆனார். இறுதிப்போட்டி என்று பெயர் வைத்துவிட்டு அதில் ஒருமுறைகூடத் தோற்காதவரை மூன்றாம் இடத்தில் நிறுத்துவது மோசமான விதி என்பதில் எனக்கு ஐயமில்லை. போருக்குப் பின் 1949இல் உலகப் போட்டி மீண்டும் தொடங்கியபோது அந்தப் போனஸ் முறை இல்லாமல் போனதும் நல்லதே. ஆயினும் பட்டம் பறிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த விதியை எழுதியபோது அது எவரைக் கைதூக்கிவிடும், எவரைக் கவிழ்க்கும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாது. அதே போனஸ் முறையின் கீழ் 1938இல் வில்கின்சனே உலக சாம்பியன் ஆனார் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

தகுதி விதி எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். எழுதியவருக்கு அப்போது பெயர் தெரியுமா? தெரியாமல் எழுதப்பட்ட முட்டாள்தனமான விதியை நான் பொறுத்துக்கொள்வேன். பெயர் தெரிந்தபின் எழுதப்பட்ட விதி எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் சந்தேகப்படுவேன்.

பிரிட்டனின் சராசரி வரம்பு இந்தக் கேள்வியின் முன் தடுமாறுகிறது. கணக்கு எளியது. ஒரு வீரர் எடுத்த புள்ளிகளோடு போனஸ் புள்ளிகளைக் கூட்டி, ஓடிய பந்தயங்களின் எண்ணிக்கையால் வகுத்து, நான்கால் பெருக்க வேண்டும். தன் அணித் தோழருக்கு அடுத்த இடத்தில், எதிரணியினர் ஒருவரையாவது பின்னுக்குத் தள்ளி முடிப்பவருக்குக் கிடைப்பது அந்தப் போனஸ். தோழரைத் தாக்கி முந்தாமல் இருந்ததற்கான கூலி என்று வைத்துக்கொள்ளலாம். இருபது பந்தயங்களில் 40 புள்ளியும் 5 போனஸும் எடுத்தவரின் சராசரி 9. இப்படி ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு, அணியின் கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பணமுள்ள ஓர் அணி நல்ல வீரர்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற நோக்கத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். முதல் வளைவிலேயே முடிவு தெரிந்துவிடும் பந்தயங்களைப் பார்க்க எவரும் வர மாட்டார்கள்.

கோளாறு காலத்தில் இருக்கிறது. பருவம் முடிந்து, எல்லாச் சராசரிகளும் கணக்கிடப்பட்ட பிறகு, குளிர்காலத்தில் புரமோட்டர்கள் ஆண்டுக்கூட்டத்துக்குக் கூடி அடுத்த ஆண்டின் வரம்பைப் பேசுகிறார்கள். வரம்பை அரைப் புள்ளி உயர்த்தினால் எந்த அணி உடையாமல் தப்பும், ஒரு புள்ளி குறைத்தால் யார் எவரை இழப்பார் என்பது அந்த அறையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விரல்நுனியில் இருக்கும். அங்கே ‘விளையாட்டின் நலன்’ என்று ஒருவர் பேசத் தொடங்கும்போது மற்றவர்கள் அவருடைய அணிப் பட்டியலைத்தான் நினைத்துக்கொள்வார்கள். 2010இல் பட்டம் வென்ற கோவென்ட்ரி அணியும், அதோடு பீட்டர்பரோ அணியும் அவ்வாண்டின் கூட்டத்துக்குப் பின் புரமோட்டர்களின் சங்கத்தோடு மோதி விலகி நின்றதும், அடுத்த பருவம் தொடங்கும் முன் திரும்பி வந்ததும் இந்தப் பின்னணியில்தான் எனக்கு விளங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1964இல் புரவின்ஷியல் லீகின் புரமோட்டர்கள், தங்கள் அணிகளில் ஒன்றை மேல்நிலை லீகுக்கு ஏற்ற முயன்ற கட்டுப்பாட்டு வாரியத்தை எதிர்த்து, உரிமம் இல்லாமலே அந்தப் பருவம் முழுவதையும் நடத்தினார்கள். அந்த லீகில் ஓட்டியவர்களுக்கு உலகப் போட்டியின் கதவு அடைக்கப்பட்டது. பின்னர் ஷாக்ராஸ் பிரபுவின் விசாரணை நடந்து, இரு தரப்பும் இணைந்து 1965இல் பிரிட்டிஷ் லீகும் புரமோட்டர்களின் சங்கமும் உருவாயின. யார் ஓடலாம் என்று மேலேயிருந்து கட்டளையிடுவதை எதிர்த்துக் கலகம் செய்தவர்களின் வாரிசுகள்தாம் இன்று யார் ஓடலாம் என்று கட்டளையிடுகிறார்கள். அவர்களிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு ஓடுதளத்தைத் திறந்துவைத்திருப்பவர்கள் அவர்களே. வரம்பை மூன்று பருவங்களுக்கு முன்பே நிர்ணயித்து, இடையில் தொட முடியாதபடி பூட்டிவிட்டால் போதும். மூன்றாண்டுக்குப் பின் தன் அணியில் யார் இருப்பார் என்பது எந்தப் புரமோட்டருக்கும் தெரியாது. அதே மனிதர்கள் அதே அறையில் அமர்ந்து இன்னும் நல்ல விதி எழுதுவார்கள்.

விருந்தினர் வீரர் என்ற ஏற்பாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பழிக்கப்படும் அளவுக்குப் புரிந்துகொள்ளப்படவில்லை என்பது என் எண்ணம். ஸ்பீட்வே வீரர் ஓர் அணியின் மாதச் சம்பளக்காரர் அல்லர். தன் வண்டியையும் மெக்கானிக்கையும் தானே பார்த்துக்கொண்டு, ஒரே வாரத்தில் பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் போலந்திலும் வெவ்வேறு அணிகளுக்கு ஓடுகிற சுயதொழிலாளி. தோள்பட்டை எலும்பு முறிவது அந்தத் தொழிலில் அன்றாடச் செய்தி. கால்பந்து அணியைப்போல இருபது பேரை வெளியே உட்காரவைத்துக் கூலி கொடுக்கும் வசதி எந்தப் புரமோட்டருக்கும் கிடையாது. எனவே முக்கியமான வீரர் இல்லாதபோது, அவருடைய சராசரியைத் தாண்டாத ஒருவரை வேறோர் அணியிலிருந்து அன்று மட்டும் அழைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். இல்லையென்றால் போட்டியே நடக்காத மாலைகள் பல இருந்திருக்கும்.

ஆனால் என் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். தாளில் ஒரே சராசரி உடைய இருவர் மண்ணில் ஒன்றல்லர். குறுகிய வளைவுகள் கொண்ட ஓடுதளத்தில் ஒருவர் பறப்பார். நீண்ட நேர்ப்பாதை உள்ள இடத்தில் இன்னொருவர். தேர்ந்தெடுக்கும் மேலாளருக்கு எதிரணியும் ஓடுதளமும் கையிலுள்ள பெயர்களும் தெரியும் என்பதால், வெறுமையை நிரப்ப வந்த ஏற்பாடு ஆதாயமாக மாறிவிடுகிறது. அதனால் நான் இன்னொரு ஏற்பாட்டையே விரும்புகிறேன். இல்லாதவரின் பந்தயங்களை அவருடைய அணித் தோழர்களே பகிர்ந்து ஓடுவதற்கு ரைடர் ரீப்ளேஸ்மென்ட் என்று பெயர். போலந்திலும் இந்த முறை உண்டு. அதில் அணிக்கு இழப்பு இழப்பாகவே தெரியும். சோர்ந்துபோன ஒருவர் ஏழாவது முறையாகத் தொடக்கக் கோட்டுக்கு வருவதைப் பார்க்கும்போது, அந்த அணிக்கு ரசிகராக இருப்பதன் பொருளும் தெரியும். இருவர் மூவர் ஒரே நேரத்தில் காயப்பட்டால் மட்டும் விருந்தினரை அனுமதிக்கலாம்.

போலந்தின் முதல்நிலை லீகான எக்ஸ்ட்ராலிகாவில் 21 வயதுக்குட்பட்ட போலந்து வீரர்களை அணியில் சேர்த்தாக வேண்டும்; 2021 முதல் 24 வயதுக்குட்பட்ட ஒருவருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு இளைஞர்களுக்கு முதல் விதி கசக்கலாம். இருந்தாலும் வயதை எவரும் கூட்டிக் குறைக்க முடியாது என்பதால் இத்தகைய விதிகளை நான் நம்புகிறேன்.

கிராண்ட் பிரீயின் நியமன இடங்கள் நான் சொல்லும் சோதனையில் தெளிவாகத் தோற்கின்றன, ஏனெனில் அங்கே எழுதப்படுவதே பெயர்தான். இருந்தும் எனக்கு அவை பெரிய குற்றமாகப் படுவதில்லை. 2013இல் டாய் வஃபிண்டன் அந்த ஆண்டின் தொடருக்குள் வந்தது நியமனத்தால்தான். அந்த ஆண்டே உலக சாம்பியனாகி, பின்னர் 2015, 2018 ஆண்டுகளிலும் வென்றார். நியமனத்தின் காரணத்தை எழுத்தில் வெளியிடச் சொல்லுங்கள். அதற்குமேல் அதில் மல்லுக்கு நிற்க எனக்கு ஆர்வமில்லை.

மாறாக, ரசிகர்கள் பலர் ஆத்திரப்பட்ட ஒரு தீர்ப்பில் நான் அதிகாரிகளின் பக்கம் நிற்கிறேன். 2023 செப்டம்பரில் டென்மார்க்கின் வொயென்ஸில், பட்டத்தை நோக்கி வசதியாக முன்னேறிக்கொண்டிருந்த பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக், தகுதிச் சுற்றோட்டத்தின்போது விதிக்குப் பொருந்தாத உடை அணிந்திருந்தார் என்பதற்காக அந்தப் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். அற்பக் காரணத்துக்கு அளவுமீறிய தண்டனை என்பதை ஏற்கிறேன். ஆனால் விதி முன்பே அச்சில் இருந்தது. அது தொட்டது தொடரின் மிகப்பெரிய பெயரை. தொடும்போது கை நடுங்கவில்லை. அவர் தொருனில் நடந்த இறுதிச் சுற்றில் பட்டத்தை வென்றுவிட்டார் என்பது வேறு கதை.

இனி ரசிகர்களின் வாக்குக்கு வருகிறேன். புரமோட்டருக்குத் தெரிந்த பெயர்கள் ரசிகருக்கும் தெரியும். அதோடு அவர் அந்தப் பெயர்களை நேசிக்கவும் வெறுக்கவும் செய்கிறார். நேற்று நம் நாயகனை வேலியில் மோதவைத்தவரின் தகுதி பற்றி இன்று வாக்கெடுத்தால் என்ன வருமென்று உங்களுக்கே தெரியும். கூட்டத்தின் மனநிலை எந்தத் தகுதி விதிக்கும் நல்ல தாய்வீடு அல்ல. ஃபே டெய்லர் போன்ற பெண்கள் ஆண்களுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு இது. 1930இல், ஒரு பெண்ணுக்கு நேர்ந்த விபத்தைக் காரணம் காட்டி எல்லாப் பெண்களையும் வெளியேற்றினார்கள். ஆண்கள் அன்றாடம் விழுந்துகொண்டிருந்த அதே தளங்களில் ஒரு பெண் விழுந்தது மட்டும் விதியாக மாறியது. அன்று அதைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரசிகர்கள் கேட்க வேண்டியது தகவல். வீரர் ஏன் வரவில்லை, விருந்தினரை எந்தக் கணக்கில் அனுமதித்தார்கள், வரம்புக்கு எந்த அணி எப்படி வாக்களித்தது என்பவற்றை வெளியிடச் சொல்லி வற்புறுத்துவது வாக்குரிமையைவிட வலிமையானது.

லாகுதாவைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தேன், ஏனெனில் அங்கே என் சோதனை எனக்கே போதவில்லை. 2022 மார்ச்சில், உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை இடைநிறுத்தியது. அப்போது உலக சாம்பியன் யாரென்று அனைவருக்கும் தெரியும். மூன்றாம் இடத்தில் இருந்த எமில் சைஃபுத்தீனோவும் ரஷ்யரே. என் அளவுகோலின்படி அது பெயர் தெரிந்தபின் எழுதப்பட்ட விதி. ஆனால் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது எதிர்காலத்துக்கான விதியை நிதானமாக எழுதச் சொல்ல முடியுமா? அந்த மாதத்தின் முடிவை நான் சரி என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கார் பந்தயங்களின் சர்வதேச அமைப்பு, உறுதிமொழியில் கையெழுத்திட்டு நடுநிலைக் கொடியின் கீழ் ஓடலாம் என்றொரு வழியையாவது எழுத்தில் வைத்தது. போலந்தும் முதலில் தடுத்தது. ஆனால் லாகுதா, சைஃபுத்தீனோவ் இருவருக்கும் போலந்துக் குடியுரிமை இருந்ததால் 2023இல் போலந்து உரிமத்தோடு அவர்கள் அந்நாட்டு லீகுக்குத் திரும்பினார்கள். சைஃபுத்தீனோவ் அதே ஆண்டு பிரிட்டனில் இப்ஸ்விச்சுக்கும் ஓடினார். லீகில் ஸ்மார்ஸ்லிக்கோடு ஒரே தொடக்கக் கோட்டில் நிற்கத் தகுதியுள்ளவருக்கு, அந்த ஆண்டின் கிராண்ட் பிரீயில் மட்டும் அத்தகுதி இல்லாமல் போனது. தடை சரியா தவறா என்று கேட்பவரோடு நான் இரவு முழுவதும் வாதிடத் தயார். என்ன செய்தால் தடை நீங்கும் என்று அந்த வீரர் கேட்டால் காட்டுவதற்கு அன்றே ஒரு தாள் இருந்திருக்க வேண்டும் என்பதில் வாதமே இல்லை. 2022இன் பட்டம் ஸ்மார்ஸ்லிக்குக்குப் போயிற்று. முந்தைய ஆண்டு அவரைத் தோற்கடித்தவர் அந்தப் பருவம் முழுவதும் எந்தத் தொடக்கக் கோட்டிலும் இல்லை.