கம்பி தெரியும் பாலத்துக்குச் சுத்தியல் சோதனை போதுமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் டிவிஷனுக்கு வரும் ஓயா (சிற்றாறு) மேல் உள்ள பாலம் அப்பா காலத்தில் கட்டியது. அடியில் கொங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. பார்க்க வந்தவர்கள் ஒரு கருவியைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அழுத்திவிட்டு, 'பலம் நன்றாக இருக்கிறது, பூசிவிட்டால் சரி' என்றார்கள். நம்பலாமா?"

பூச்சு வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

அவர்கள் அழுத்தியது ரீபவுண்ட் ஹாமராக, அதாவது துள்ளல் சுத்தியலாக இருக்கும். ஸ்பிரிங்கில் பாயும் ஓர் எடை கொங்கிரீட்டில் மோதி எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று அது காட்டும். தெரிவது மேல்தோலின் கடினம் மட்டும்தான். பழைய கொங்கிரீட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வருடக்கணக்கில் உள்ளே ஊறி, சீமெந்திலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பை இன்னும் இறுக்கிவிடும். கருவி நல்ல எண்ணாகக் காட்டும். கம்பிக்கு எமனும் அதே காபனீரொட்சைட்டுதான்.

புதுக் கொங்கிரீட்டின் பீ.எச். (காரத்தைக் காட்டும் எண்) 12.5 அளவில் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பிமேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். காபனீரொட்சைட்டு ஊறிய இடத்தில் பீ.எச். 9 வரை இறங்கிவிடும், படலமும் போய்விடும். அப்புறம் ஈரமும் காற்றும் போதும். இரும்பைவிடத் துருவுக்கு இரண்டு மடங்குக்கும் கூடுதலான இடம் வேண்டும். அதனால் அது கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடலோரப் பாலங்களில் உப்பும் இதைச் செய்யும். மலைநாட்டில் உப்புக்காற்று இல்லை, ஆகவே என் முதல் சந்தேகம் காபனீரொட்சைட்டின் மேல்தான். (தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கல், செங்கல், சீமெந்து என்று கம்பியே இல்லாமல் 1921இல் கட்டி முடித்தது அது.)

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மலிவானது. உயர்தர வகுப்பு இரசாயன ஆய்வுகூடத்தில் பார்த்த பினோப்தலீன்தான் மருந்து. பாலத்தின் அடியில் ஒரு துண்டைப் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, அதைத் தெளிப்பார்கள். காரம் மிச்சமுள்ள பகுதி பளிச்சென்று ஊதாச் சிவப்பாகும். காரம் போன பகுதி சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டையை அளக்க வேண்டும். பட்டை 30 மில்லிமீற்றர், கம்பி இருப்பது 25 மில்லிமீற்றர் ஆழத்தில் என்றால் கம்பிக்குக் காவல் போய்விட்டது. கம்பியின் ஆழத்தைக் கொங்கிரீட்டை உடைக்காமலே கவர் மீற்றர் சொல்லிவிடும்.

நீங்களே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்லது; 'பொத்' என்றால் உள்ளே பிளந்து நிற்கிறது. அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். தொங்கும் துண்டுக்கு நேர் கீழே மட்டும் நிற்க வேண்டாம்.

பலத்தைத்தான் அறிய வேண்டுமென்றால் உருளையாகக் குடைந்தெடுத்து நசுக்கிப் பார்ப்பதே நம்பிக்கையான வழி. வழக்கமாக 100 மில்லிமீற்றர் விட்டம். கம்பியை அறுக்காமல் எடுக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலோ விசாரிக்கலாம்.

துருவின் மேல் பூசிய பூச்சு நிற்காது, உள்ளே நடப்பதையும் மறைத்துவிடும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகுதான் பூச்சு. கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பொறியியலாளர்தான் கணக்குப் போட வேண்டும்.

தண்ணீர் வற்றும் நாளில் ஒரு மூங்கில் கழியோடு இறங்கி, தூண் அடியிலும் கரைச்சுவர் அடியிலும் குத்திப் பாருங்கள். கழி அத்திவாரத்துக்குக் கீழே நுழைந்தால் மேலே சொன்ன சோதனை எல்லாம் இரண்டாம்பட்சம். தண்ணீர் அரித்த அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் அடைக்க வேண்டும். முடிவு தெரியும்வரை கொழுந்து லொறி அக்கரையிலேயே நிற்கட்டும், சாக்குகளைத் தோளில் கொண்டுபோய் ஏற்றலாம்.